வெண்பனி விழாத ஊரில் குளிர்காலம்: மார்கழி முதல் மாசி வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்துவிட்டதா என்று பார்க்க வெப்பமானி வாங்கியதில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் போதும். ஒரு நாள் காலையில் கவிழ்த்தால் எண்ணெய் வராது. உள்ளே வெள்ளையாக உறைந்து உட்கார்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையத் தொடங்கும். சென்னையின் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகள் 21 டிகிரி வாக்கில் இருக்கும். ஆக, எங்கள் ஊருக்குக் கிடைக்கும் வெண்பனி மொத்தமும் 200 மில்லி.

இதே சமயத்தில் டொராண்டோவில் இருக்கும் அத்தை மகன் காரின் மேல் ஓரடி வெண்பனி நிற்கும் படத்தை அனுப்புவான். "உங்க ஊர்ல என்ன வின்டர், ஃபேனைப் போட்டுட்டுத்தான தூங்குறீங்க?" என்று ஒரு கேலியும் உண்டு. ஃபேன் போடுவது உண்மைதான், கொசுவுக்காக. ஆனால் நம்மிடம் குளிர்காலம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் அதில் இரண்டு பருவத்துக்குப் பனி என்றே பெயர் வைத்தார்கள்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. நம் பனி வானத்திலிருந்து பஞ்சாக விழாது. ராத்திரியில் புல்லிலும் வண்டி சீட்டிலும் மொட்டைமாடிக் கொடியில் மறந்துவிட்ட துணியிலும் சத்தமில்லாமல் இறங்கிவிட்டு, ஒன்பது மணிக்குள் காணாமல் போய்விடும்.

அதனால்தான் பலருக்கு இந்தக் குளிர்காலம் கண்ணில் படுவதே இல்லை. எட்டு மணிக்கு எழுந்து, குளித்து, பத்து மணிக்கு வெளியே வருகிறவருக்கு டிசம்பரும் ஒரு வெயில் மாதம்தான். சமவெளியில் நம் குளிர்காலம் இருப்பது காலை நாலரையிலிருந்து ஏழரை வரைக்கும், அப்புறம் மாலை ஆறுக்கு மேல். கீழே சொல்லும் எல்லாமே அந்த மணிக்கணக்கைச் சுற்றித்தான். சென்னையை வைத்துச் சொல்கிறேன், நான் இருப்பது அங்கே. மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஏறக்குறைய பத்துப் பதினோரு வாரம். அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழை. மழை நாளில் ஈரம் இருக்கும், சளி பிடிக்கும், ஆனால் உண்மையான குளிர் இருக்காது. மேகம் ஒரு போர்வை. பகலில் பூமி வாங்கிய சூட்டை ராத்திரியில் வெளியே விடாது. மழை விட்டு வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் ராத்திரியில்தான் தரையின் சூடு மேலே போய், விடியற்காலையில் பனி இறங்கும். முந்தின நாள் சாயங்காலம் வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்தால் மறுநாள் காலைக்கு அலாரம் வைக்கலாம்.

கடலோரத்தைக் கடல் அவ்வளவு குளிர விடாது. உள்ளே போகப் போகக் குளிர் கூடும். வேலூர், ஓசூர் பக்கத்துக்காரர்கள் எங்கள் 21 டிகிரியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக எழுவது அன்றைக்கு இல்லை, ஜனவரி மூன்றாம் வாரத்தில். சென்னையில் டிசம்பர் நடுவில் 6.20 வாக்கில் உதிக்கிறவர், தைப்பொங்கல் கழிந்ததும் 6.35-ஐத் தொட்டுவிடுவார். கடற்கரையில் சூரியோதயம் பார்க்க ஆசைப்படும் சோம்பேறிகளுக்கு (நானும் அந்தக் கட்சிதான்) தை மாதம் கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கொடுக்கிறது.

மார்கழி முடிந்தால் குளிர் போய்விடும் என்று போர்வையை மடித்து வைத்துவிடாதீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.

படி 2: எழுந்திருங்கள், சுக்கு காபி போடுங்கள்

கோயிலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் மார்கழியில் அலாரம் தேவையில்லை, ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள் ஒரே நாளில் எட்டு மணியிலிருந்து நாலரைக்குத் தாவ வேண்டாம். மூன்றாம் நாள் படுத்துவிடுவீர்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் இழுத்தால் போதும்.

எழுந்ததும் கையில் சூடாக ஏதாவது வேண்டும். சுக்கு காபிப் பொடியைக் கடையில் வாங்காதீர்கள், வீட்டில் ஐந்து நிமிட வேலை. 50 கிராம் சுக்கை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். 100 கிராம் தனியாவையும் ஒரு ஸ்பூன் மிளகையும் வாசனை வரும் வரை வறுத்து, ஆறிய பிறகு நாலு ஏலக்காயோடு சேர்த்துப் பொடியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, ருசிக்குக் கருப்பட்டி. கொதித்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்கி, மண் அடியில் தங்குவதற்குக் கொஞ்சம் விட்டு வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருப்பது குறையில்லை; மண்ணே இல்லாமல் பளபளவென்று இருக்கும் கருப்பட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். மங்கி குல்லாவைக் கேலி செய்கிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

படி 3: வாசலில் ஒரு கோலம்

நான் கோலம் போடக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல். வீட்டில் முட்டிவலி வந்தவருக்குப் பதிலாள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம். முதல் நாள் கோலத்தைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "தம்பி, மாவு டப்பா கைதவறி விழுந்துருச்சா?" என்று கேட்டார். இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. உங்களுக்கும் பழகும், ஆணாக இருந்தாலும்.

முதலில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஈரம் தரையில் இழுக்கும் வரை நில்லுங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும்போது போட்டால் மாவு கரையும், முழுக்கக் காய்ந்துவிட்டால் காற்றில் பறக்கும். கல் மாவு கைக்குச் சுலபம். அதில் கொஞ்சம் அரிசிமாவைக் கலந்தால் எறும்புக்கும் பங்கு கிடைக்கும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை மாவு. விரல் தரையில் படக்கூடாது, ஓரங்குல உயரத்திலிருந்து மாவு தானாக இழைய வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, விரலைத் தரையில் தேய்த்து எழுதுவது. சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதியது போல ஆகிவிடும்.

தொடங்குவதற்கு ஏற்றது 7 புள்ளி, 4-இல் முடியும் ஊடுபுள்ளிக் கோலம். நடுவில் வரிசையாக 7 புள்ளி. அதற்கு மேலே, புள்ளிகளுக்கு இடையில் விழும்படி 6. அதற்கு மேலே 5, பிறகு 4. கீழ்ப்பக்கமும் அப்படியே. எண்ணிப் பார்த்தால் 37 வர வேண்டும். புள்ளிக்குப் புள்ளி மூன்று விரல் இடைவெளி. நடு வரிசை கோணினால் மொத்தக் கோலமும் கோணும், அதனால் அந்த ஏழு புள்ளிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். புள்ளி சரியாக விழுந்துவிட்டால் நேர்க்கோடு போட்டே நட்சத்திரம், பூ எல்லாம் வந்துவிடும்.

அடுத்தது சிக்குக் கோலம். இதில் கோடு புள்ளியைத் தொடாது, வளைந்து சுற்றிக்கொண்டு போகும். 1, 3, 5, 3, 1 என்று 13 நேர்ப்புள்ளி வைத்துத் தொடங்குங்கள். விதி இரண்டுதான்: ஒரு புள்ளியும் வெளியே விடுபடக்கூடாது, இழை தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். முதல் நாள் நோட்டில் பென்சிலால் பழகிவிட்டு வாசலுக்கு வாருங்கள். விடியற்காலை இருட்டில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு இழை சுற்றிவந்து தன்னோடு சேரும்போது ஏற்படும் சந்தோஷத்துக்கு முன்னால் கைப்பேசி விளையாட்டெல்லாம் ஒன்றுமில்லை.

எங்கள் நெல்லைப் பக்கம் மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அந்த உருண்டைகளைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தையில் பெண்குழந்தைகளின் சிறுவீட்டுப் பொங்கல் அன்று ஆற்றில் விடுவது வழக்கம். சென்னையில் பூசணிப்பூ தேடினால் பூக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

படி 4: பறவைகளுக்குப் பின்னால் போங்கள்

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் என்றால் இதையே செய்யுங்கள். வடக்கே ஏரிகள் உறைந்து தீனி கிடைக்காமல் கிளம்புகிற லட்சக்கணக்கான பறவைகளுக்கு நம் வெயிலும் மழையில் நிறைந்த ஏரிகளும்தான் புகலிடம். வெண்பனி இல்லை என்று நாம் குறைப்படுகிறோம், அவை அதற்காகவே இமயத்தைத் தாண்டி வருகின்றன.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளந்த வால் குருவிகள் தகைவிலான்கள். மழைநீர் தேங்கிய காலி மனையில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஓடுவது வாலாட்டி. அப்புறம் ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றின் அடியில் சிவப்பு என்று ஒரு கைப்பிடி உடம்பில் அத்தனை நிறம். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசிலாகக் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. சருகுகளைக் கிளறித் தின்கிற பறவை என்பதால் மரம் அடர்ந்த, குப்பை கூட்டாத தோட்டங்களில்தான் இருக்கும். என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பாழடைந்த மாந்தோப்புக்கு மூன்று வருடம் வந்தது. தோப்பு மனைகளானதும் நின்றுவிட்டது.

அடுத்து, ஒரு முழுநாள் ஒதுக்கி வேடந்தாங்கல். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள், மதுராந்தகத்துக்குப் பக்கம். 30 ஹெக்டேர் ஏரிதான், ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் முழுக்கக் கூடு. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு போல ஒரே மரத்தில் மாடி மாடியாக இருக்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்ற தொலைதூர விருந்தாளிகள் தண்ணீரில் மிதக்கும்.

இந்த ஏரியைக் காப்பாற்றியது முதலில் வனத்துறை இல்லை, ஊர்க்காரர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பாசத்தோடு கணக்கும் இருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் தேவையில்லை. இன்றும் தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டு சேர்ந்த பள்ளிக்கரணை, சென்னைக்குள்ளேயே, மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிச் சுவர்களுக்கு எதிரே இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்தே பூநாரை பார்க்க முடிகிற ஊர் இது.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்த வருடம் பறவை வராது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஏழுக்குள் போய்விடுங்கள், முடியாவிட்டால் மாலை நாலுக்கு மேல், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியதை வாங்குங்கள்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதை வாங்கினால் கை நடுங்கும் நடுக்கமும் அத்தனை மடங்காகும். ஒரு முறை அப்படி ஒன்றை வாங்கி, அரை நாள் முழுக்க ஆடும் கொக்குகளாகப் பார்த்தேன்.

நேரம் கிடைத்தால் இன்னும் தெற்கே போங்கள். கோடியக்கரையில் உப்பளங்களுக்கு நடுவே பூநாரைகள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தங்குளத்தில் வரித்தலை வாத்து. திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலைக்கு மேலாகவே பறந்து வருகிற பறவை அது. கூந்தங்குளத்தில் வீட்டுத் திண்ணைக்கு எதிரே உள்ள மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கும், வீட்டுக்காரர் எச்சத்தைத் திட்டிக்கொண்டே கழுவுவார், கூட்டைக் கலைக்க மாட்டார்.

பொங்கல் விடுமுறையில் குழந்தைகளோடு செய்ய ஒரு காரியம் உண்டு: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. அந்த நாலு நாளில் எப்போதாவது, எங்கேயாவது, குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். மொட்டைமாடியே போதும். காக்கை 12, மைனா 4, கிளி 7 என்று எழுதினாலும் அது ஒரு தரவுதான். பேர் தெரியாத குரலைக் கேட்டால் மெர்லின் செயலியைத் திறந்து வையுங்கள், யார் என்று சொல்லும். அது சில சமயம் பக்கத்து வீட்டுக் கதவின் கிறீச்சுக்கும் பேர் சொல்லும், அதையும் நம்பிவிட வேண்டாம்.

படி 5: ஒரு கச்சேரிக்குள் நுழையுங்கள்

சென்னையின் டிசம்பர் சீசன் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பத்து வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து ஒரு இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அன்றிலிருந்து டிசம்பர் என்றால் கச்சேரி. கறாரான காரணம் வேறு ஒன்றும் உண்டு: மே மாதத்தில் பட்டுப்புடவையும் மூன்று மணி நேர உட்காருதலும் சாத்தியமா?

புதியவர்களுக்கு என் யோசனை: பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. இளம் பாடகர்கள், பாதி காலியான அரங்கு. பிடிக்கவில்லை என்றால் இரண்டு பாட்டுக்கு நடுவில் எழுந்து வரலாம். வர்ணத்தில் தொடங்கும், நடுவில் ஒரு பெரிய உருப்படி, அதன் முடிவில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்குக் கிளம்புகிற கூட்டத்தோடு எழுந்துவிடாதீர்கள். கச்சேரியில் ஒன்றுமே தெரியாதவனுக்கும் புரிகிற இடம் அதுதான். கையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கேண்டீன் எங்கேயும் போகாது. மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொண்டு அதன் பிறகு இரண்டு மணிக் கச்சேரி கேட்பது என் வழக்கம். முன்வரிசையில் உட்கார வேண்டாம், தூங்கினால் பாடுகிறவருக்குத் தெரியும்.

தமிழ்ப் பாட்டே வேண்டும் என்றால் 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா, பாரிமுனைக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றத்தில். கானா, ஒப்பாரி, பறை என்று கேட்க வேண்டும் என்றால் 2020-இலிருந்து நடக்கும் 'மார்கழியில் மக்களிசை' விழா. இரண்டுக்கும் போய்ப் பாருங்கள், ஒரே மாதத்தில் ஒரே ஊரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று தெரியும். காவிரிப் பக்கம் உறவினர் இருந்தால் திருவையாறு தியாகராஜ ஆராதனை, பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஐந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளையும் நூற்றுக்கணக்கானோர் ஆற்றங்கரையில் சேர்ந்து பாடுவதைக் கேட்கும்போது யாருக்குச் சுருதி விலகினாலும் தெரியாது.

படி 6: குளிர்காலத்தைச் சாப்பிடுங்கள்

சந்தையில் வருடம் முழுக்கக் கிடைக்கும் காய்களை இந்தப் பத்து வாரம் மறந்துவிடுங்கள். பச்சை மொச்சை, துவரங்காய், சிறுகிழங்கு, பனங்கிழங்கு, கரும்பு, இலந்தை. இவற்றில் பாதிக்கு மாசி தாண்டினால் ஆயுள் இல்லை.

என் ஓட்டு பனங்கிழங்குக்குத்தான். ஆவணி வாக்கில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணல் பாத்தியில் புதைத்துவிடுவார்கள். முளை கீழ்நோக்கிப் போய், மார்கழி, தையில் கிழங்காகும். வாங்கும்போது நடுவில் தடித்து, மேல்தோல் சுருங்காமல் இருப்பதாகப் பாருங்கள். வேரையும் நுனியையும் வெட்டி, தோலுரித்துக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில். அவசரமில்லாமல் உட்கார்ந்து நார் உரித்துத் தின்ன வேண்டும். நாருக்குப் பயப்படுகிறவர்கள் வெந்த கிழங்கைத் துண்டாக்கி, பச்சைமிளகாய், பூண்டு, தேங்காய், உப்போடு உரலில் இடித்து உருண்டை பிடிக்கலாம். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே தவுன் இருக்கும். பஞ்சு போல, லேசான இனிப்பு. சென்னைக் கடைகளில் அது வருவதில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் ஸ்வீட் பாக்கெட் வேண்டாம், இதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பச்சை மொச்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் இளவெயிலில் முறத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பிதுக்கினால் பிதுக்குப் பருப்புக் குழம்பு. தனியாளாகச் செய்ய வேண்டாம், ஒரு கிலோவை முடிப்பதற்குள் வாழ்க்கை வெறுத்துவிடும். பேச ஆள் இருந்தால் நேரம் போவதே தெரியாது, பழைய சொத்துத் தகராறு ஒன்றுகூட எங்கள் வீட்டில் மொச்சை பிதுக்கும்போதுதான் தீர்ந்தது.

மார்கழித் திருவாதிரைக்குக் களி. ஒரு டம்ளர் அரிசியையும் கால் டம்ளர் பாசிப்பருப்பையும் சிவக்க வறுத்து ரவையாக உடையுங்கள். மூன்று டம்ளர் தண்ணீரில் ஒன்றரை டம்ளர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, ரவையைத் தூவிக் கிளறி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், கை நிறைய நெய். தொட்டுக்கொள்ள ஏழு காய் போட்ட குழம்பு. இனிப்புக்குப் புளிக்குழம்பா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி. அன்று பெருமாள் கோயில் பக்கம் போனால் அக்காரவடிசல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

படி 7: மொட்டைமாடியில் பாய் விரியுங்கள்

மழை கழுவிவிட்ட வானம், சீக்கிரம் வரும் இருட்டு. வருடத்தில் நட்சத்திரம் பார்க்க இதைவிட நல்ல காலம் நமக்கு இல்லை. ஜனவரி நடுவில் இரவு எட்டு மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள். ஒரே கோட்டில் நெருக்கமாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை. அந்த மூன்றின் கோட்டை மேலே நீட்டினால் மஞ்சள் கலந்த சிவப்பில் ரோகிணி. இன்னும் நீட்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. பெயர்களை எல்லாம் ஜாதகத்தில் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றை வானத்திலேயே பார்ப்பது ஒரு வேடிக்கை. "என் நட்சத்திரம் எது?" என்று வீட்டில் எல்லாரும் மாடிக்கு வந்துவிடுவார்கள். அதே கோட்டைக் கீழே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ்.

பத்தரை மணிக்கு நேர் தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. தொடுவானிலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் தனியாக ஒன்று மின்னும். அது அகத்திய நட்சத்திரம், பிரகாசத்தில் இரவு வானின் இரண்டாவது நட்சத்திரம். கன்னியாகுமரியில் மூன்று முஷ்டி உயரம். வடக்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே வந்து, டொராண்டோவில் தொடுவானுக்கு மேலே எழுவதே கிடையாது. வெண்பனிப் படம் அனுப்பும் அத்தை மகனுக்கு நான் அனுப்பும் பதில் இந்த நட்சத்திரத்தின் படம்தான்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் மழை. மேகம் இல்லாமல், ஊர் வெளிச்சம் இல்லாத இடம் கிடைத்தால் பத்து மணிக்கு மேல் மல்லாந்து படுத்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். பாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் தலைக்குத் துண்டும் அவசியம். நள்ளிரவுக்குப் பிறகு போர்வை நனைந்திருக்கும்.

படி 8: பொங்கலும் கூட்டமும்

பொங்கலை எப்படிக் கொண்டாடுவது என்று தமிழருக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு எச்சரிக்கை மட்டும். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தால், அசையாத பனிக்காற்று அந்தப் புகையை மேலே போக விடாமல் தெருவிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னையில் விமானங்களே தடுமாறிய போகிகள் உண்டு. காணும் பொங்கலன்று மெரினா போக வேண்டாம். அந்த மாலையை ஜனவரியை ஒட்டி நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், 1977-இலிருந்து நடக்கிறது. அங்கும் கூட்டம்தான், ஆனால் கையில் ஏதாவது மிஞ்சும்.

குளிருக்காக டிசம்பர் கடைசி வாரத்தில் ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி விடுமுறை போய்விடும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. உறைபனி பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஜனவரி மூன்றாம் வாரம், வார நாளில் போங்கள். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலை புல்வெளி உப்பு தூவியது போல வெள்ளையாக இருக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் போய்விடும், அதனால் அங்கேயும் சீக்கிரம் எழுந்தே ஆக வேண்டும்.

படி 9: ஆமைக்காக ஒரு இரவு நடை

ஜனவரி தொடங்கினால் நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். சென்னையில் 1988-இலிருந்து மாணவர் குழு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறக்குறைய ஏழு கிலோமீட்டரை ஒவ்வொரு இரவும் நடந்து கூடுகளைத் தேடுகிறது. வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மதியம் தூங்கிவிட்டுப் போங்கள், நடை நள்ளிரவு தாண்டும். மணலில் நடக்க ஷூ வேண்டாம், வார் வைத்த செருப்பு போதும். தண்ணீர், ஒரு மெல்லிய சால்வை.

விளக்கு கூடாது. இதை எல்லாரும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் முதல் முறை போனபோது மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி திரும்பி, "அங்கிள், லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்றாள். என் மகள் வயது. வெளிச்சம் பட்டால் கரையேற வந்த ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும் என்று அப்புறம்தான் விளக்கினாள்.

பல நாள் எதுவும் தென்படாது. தென்பட்டால், டிராக்டர் டயர் போன தடம் போல மணலில் ஒரு கோடு கடலிலிருந்து மேலேறி இருக்கும். அதன் முடிவில் குடம் போல ஒரு குழி, உள்ளே பிங்பாங் பந்து அளவில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள். நாயும் விளக்கும் நிறைந்த கரை என்பதால் தன்னார்வலர்கள் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைப்பார்கள். செத்த ஆமைகளையும் பார்க்க நேரும், குழந்தைகளை அழைத்துப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலைக்குள் சிக்கினால் அது முடியாது.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள். அதனால் இந்த நடையின் இரண்டாம் பாதி மார்ச்சில். பின்பனி முடிந்து வியர்வை தொடங்கியிருக்கும். பொரிப்பகத்தில் குஞ்சுகளை விடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு சாயங்காலமே போய்விடுங்கள். கூடையிலிருந்து இறக்கியதும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் வெளிச்சமான திசையை நோக்கி நடக்கும், அது கடலாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் இருக்கும் சாலை விளக்குகளை மறைத்துக்கொண்டு வரிசையாக நில்லுங்கள் என்பார்கள். காலை மட்டும் நகர்த்தாதீர்கள்.